சன்னாசியின் சைக்கிள் வழி

மூங்கிலாற்று ரப்பர் தோட்டத்தில் சன்னாசி தப்பால்காரராக இருந்தார். காலையில் சைக்கிளில் சிரம்பான் போய், தபால் ஆபீசில் தோட்டத்துக்கு வந்திருக்கும் கடிதங்களை வாங்கிப் பையில் போட்டு, துரை மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் ஆபீசில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பால் மரம் வெட்டுகிற எங்களுக்கு அது வேலையாகவே தோன்றாது. நாங்கள் வேர்த்து விறுவிறுத்துப் பால் வாளியோடு வரும்போது, அவர் சட்டை மடிப்புக் கலையாமல் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். எங்களுக்கு வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அதே லயத்தில் அவருக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இன்றுவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. அதனால் இந்தக் கதையில் எனக்கு ஒரு பங்கும் கிடையாது. சைக்கிளில் போனவர்கள் பிற்பாடு தனித்தனியே சொன்னதைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு முட்டுகிற இடங்களில், எது நம்பும்படி இருந்ததோ அதை எடுத்துக்கொண்டேன்.

சன்னாசி குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். பொய் சொல்லவும் வராது. அது குணமா குறையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்று சம்சாரம் மங்கம்மாவிடம் நேருக்கு நேர் சொல்லி, தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். அவருக்கு இருந்த ஒரே பிடிவாதம், மகள் வள்ளியம்மா சிரம்பானில் இங்கிலீஷ் படிப்பை முடித்துப் பரீட்சை எழுதியாக வேண்டும் என்பது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்கப் போனவர்கள் எங்கள் தோட்டத்தில் மூன்றே பேர்: வள்ளியம்மா, ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மகன் ராமகிருஷ்ணன், எங்களை வேலை வாங்கும் மண்டோரின் மகன் மணியம். மூன்றும் பதினான்குக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட வயது. கையில் எதைக் கொடுத்தாலும் பந்தயம் வைக்கிற வயது.

மூவரும் சன்னாசியின் பின்னால் சைக்கிளில் தார்ச்சாலை வழியாக மம்பாவ், ராசா ஊர்களைக் கடந்து சிரம்பான் போவார்கள். வள்ளியம்மா ஓட்டியது பார் வைத்த ஆண்கள் சைக்கிள். வயசுக்கு வந்த பெண் கால் தூக்கிப் போட்டு ஏறுகிறாள் என்று லயத்தில் பேசாத வாய் இல்லை. சன்னாசி காதில் அது விழுந்தது. விழுந்து அப்படியே கிடந்தது.

அது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை தொடங்கி நாலைந்து வருஷமாகியிருந்தது. லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிப் போட்டுச் சுற்றிலும் முள்கம்பி வேலி அடித்திருந்தார்கள். விடிந்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு கொண்டு போகக் கூடாது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கு அது போய்ச் சேரும் என்பது சட்டத்தின் கணக்கு. காலையில் வெட்டப் போகிறவன் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மத்தியானம் வரை நிற்க வேண்டும். காட்டில் இருப்பவன் பட்டினி கிடந்தானோ இல்லையோ, நாங்கள் கிடந்தோம்.

அந்த வருஷம் தார்ச்சாலையில் தோட்டத்து லாரியைக் காட்டுக்காரர்கள் சுட்டார்கள். ஓட்டிவந்த அர்ச்சுனன் அங்கேயே செத்தார். அவர் மங்கம்மாவின் கூடப்பிறந்த தம்பி. சன்னாசிக்கு மைத்துனர் மட்டுமல்ல, சின்ன வயதிலிருந்து தோழன். அதன் பிறகு சாலையில் பட்டாள வண்டிகள் நிற்காமல் பறக்கத் தொடங்கின. அதில் ஒன்று ஒதுங்க இடம் கொடுக்காமல் வந்து மணியத்தைச் சைக்கிளோடு சாலையோரச் சாக்கடைக் கானில் தள்ளிவிட்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே மண்டோர், மகனைப் பால் மரத்துக்கு அனுப்ப வெட்டுக் கத்தி வாங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார். கிராணியும் யோசனையில் விழுந்தார். மங்கம்மா யோசிக்கவே இல்லை. தம்பியைக் கொடுத்தது போதும், மகள் வீட்டில் இருக்கட்டும் என்றாள்.

சன்னாசி சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "வேற வழி இருக்கான்னு பாக்குறேன்" என்றார்.

இப்படிச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஒன்றும் பார்க்க மாட்டார்கள். மங்கம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் சன்னாசி சொன்னது சொன்னபடியே. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிஜமாகவே வழி தேடப் புறப்பட்டார்.

முதலில் ஆற்றோரமாகப் போய்ப் பார்த்தார். வரைபடத்தில் பார்த்தால் அதுதான் குறுக்கு என்று கிராணி சொல்லியிருந்தார். வரைபடத்தில் சேறு தெரியாது. கொஞ்ச தூரத்தில் பாயா என்கிற சதுப்பு தொடங்கிவிட்டது. சக்கரம் பாதிவரை புதைந்தது. சைக்கிளைத் தூக்கிவரும்போது செருப்பில் ஒன்று உள்ளேயே போய்விட்டது. அடுத்த வாரம் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்துப் பக்கம் போனார். அங்கே எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள், இளநீர்கூடக் கொடுத்தார்கள். ஆனால் நடுவில் ஓர் ஓடை, ஓடைக்குமேல் ஒரே ஒரு தென்னைமரம் பாலமாகக் கிடந்தது. பிள்ளைகள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவிடுவார்கள். தப்பால் சைக்கிளைத் தோளில் போட்டால் சன்னாசிதான் ஓடையில் கிடப்பார். அதையும் விட்டார்.

கடைசியாகத்தான் மேட்டுப் பக்கம் போனார். ஜப்பான்காரன் காலத்தில் கவனிப்பாரற்றுப் போய், பிறகும் யாரும் திரும்பிப் பார்க்காத பழைய ரப்பர் காடு அது. மர நிரைகளுக்கு நடுவே லாலாங் புல் மண்டிக் கிடந்தாலும் அடியில் செம்மண் கெட்டியாக இருந்தது. மேட்டின் உச்சியில் ஒரு பெரிய மெர்பாவ் மரம். அதோடு தோட்டத்து எல்லை முடிந்தது, மறுபக்கம் பெருங்காடு. மரத்தடியில் திரும்பிச் சரிவில் இறங்கினால் போர்ட் டிக்சன் போகும் ரயில் தண்டவாளம். தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே ஆட்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதை. அதைப் பிடித்தால் ராசாவுக்குப் பின்னால் போய் ஏறிவிடலாம். இரண்டு ஞாயிறு வெட்டரிவாளோடு போய்ப் புல்லை ஒதுக்கி, குறுக்கே விழுந்து கிடந்த மரங்களைப் புரட்டி வழி உண்டாக்கினார்.

கிராணி துரையிடம் பேசினார், துரை போலீசிடம் பேசினார். வெயில் வந்த பிறகு போகலாம், சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டும், சொன்ன வழியை விட்டு விலகக் கூடாது, சாப்பாடு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி நாலு பேர் பெயரிலும் பாஸ் கொடுத்தார்கள். தார்ச்சாலையில் செத்தால் தோட்டம் பதில் சொல்ல வேண்டும், ரப்பர் காட்டில் போனால் அவர்கள் பொறுப்பு என்று துரை நினைத்திருக்கலாம். மண்டோர் வெட்டுக் கத்தி வாங்குவதைத் தள்ளிப்போட்டார். மங்கம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சன்னாசி போட்ட வழி சரிவான இடத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு, பாம்பு நெளிவதைப் போல் மெதுவாக இறங்கும். அவர் வயதுக்கு அது நல்ல வழி. பதினைந்து வயதுக்காரர்களுக்குச் சமதரை என்றால் தண்டனை. நாலு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் மெர்பாவ் மரத்திலிருந்து நிரைகளின் ஊடாக நேரே கீழே விட்டார்கள். படிபடியாக வெட்டிய சரிவு அது. ஒவ்வொரு படியிலும் சைக்கிள் எழும்பி விழும். சக்கரத்துக்கடியில் ரப்பர் கொட்டைகள் உருளும். மணியத்தின் முன்பல்லில் பாதி அங்கே போயிற்று. அந்த இடத்துக்குப் பல்லுமேடு என்று பெயர் வைத்தார்கள். பல்லைக் கொடுத்தவனே முன்மொழிந்தான்.

சன்னாசி கத்தினார். ஒருவரும் தன்னை முந்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். மறுநாள் மூவரும் பவ்வியமாக அவர் பின்னால் வந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த ஒரு கணத்தில் பின்னால் யாரும் இல்லை, கீழேயிருந்து சிரிப்புதான் வந்தது. இப்படியே போனால் தான் மட்டும் தனியே சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும் என்று கண்டு, ஒருநாள் அவரும் சரிவில் விட்டார். மூன்றாவது படியில் சைக்கிள் ஒரு பக்கம், துரை அனுப்பக் கொடுத்த கடிதங்கள் ஒரு பக்கம், சன்னாசி மண் குழிக்குள். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "கிட்டத்துல இருக்குலா இந்த வழி" என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு அதுவே வழியாயிற்று. அந்த மாதங்களில் அவர் சட்டை மடிப்பைப் பற்றி எங்களுக்குப் பொறாமைப்பட எதுவும் இருக்கவில்லை.

இனி மெர்பாவ் மரத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்கள் காடழித்துப் புது மலை திறந்தாலும் புது வழி போட்டாலும் எல்லையில் முனியாண்டிக்கு மூன்று கல் நடுவார்கள். அவர் காவல். அவர் எல்லைக்குள் போய்வருகிறவர்கள் அவருக்கு ஏதாவது வைக்க வேண்டும். அங்கே நின்று அவர் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் கூப்பிட்டதாக அர்த்தம். கூப்பிட்டு வந்தவர் வெறுங்கையோடு போக மாட்டார். அதனால் பெரியவர் என்போம். சன்னாசி இன்னும் ஒரு படி மேலே போய், வள்ளியம்மா பரீட்சை எழுதி முடித்தால் சேவல் கொடுப்பதாகவும், அதுவரை அந்தப் பெயரை எங்கேயும் வாயால் சொல்வதில்லை என்றும் வேண்டிக்கொண்டார்.

மெர்பாவ் மரத்தடியில் மூன்று கல்லை நட்டுக் குங்குமம் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் இலையில் ஒரு பிடி சோறு, அவித்த முட்டை ஒன்று, சுருட்டு ஒன்று. இதையெல்லாம் கேட் வழியாகத் தப்பால் பைக்குள் வைத்துத்தான் கொண்டுபோனார். துரையின் பை என்பதால் அதை யாரும் திறப்பதில்லை. கேட்டில் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வழக்கம்போல, பையில் சோறு இருக்கிறதா என்று வாயால் கேட்பான். சன்னாசி இல்லை என்பார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர் எப்படிச் சொன்னார் என்று கேட்கலாம். அவர் சொன்னது பொய் இல்லை. மனிதனுக்குப் போட்டால் சோறு. சாமிக்கென்று எடுத்து வைத்துவிட்டால் அது படையல். படைத்து முடிகிறவரை அதைச் சோறு என்று சொல்வதே எங்களிடம் குற்றம். சட்டத்தில் படையலுக்குத் தடை இருப்பதாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கான்ஸ்டபிளின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். அவர் பார்த்தே சொன்னார்.

படைத்ததை அன்று சன்னாசி திரும்பிப் பார்க்க மாட்டார்; பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் திரும்பி வரும்போது இலை காலியாக இருக்கும். ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. சுருட்டு அடிக்கட்டை மட்டும் கிடக்கும். முட்டைத் தோடு தனியாக உரித்து இலை ஓரத்தில் ஒதுக்கியிருக்கும். பிள்ளைகள் சொல்லக் கேட்டுச் சன்னாசி மெய்சிலிர்த்துப் போய் என்னிடம்கூடச் சொன்னார். எங்கள் பெரியவர் முட்டையைத் தோலுரித்துத் தின்பார் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகு வாயைத் திறக்க மனம் வரவில்லை.

வள்ளியம்மாவுக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் பையன்களை முந்தி ஏறி மரத்தடிக்கு வந்துவிட்டாள். காலையில் அப்பா படைத்த பிறகு ரயில் பாதைவரை இறங்கியவள், மரத்தடியில் மறந்துவிட்ட புத்தகப் பையை எடுக்கத் தனியாகத் திரும்பி ஏறியதாகவும் மணியம் சொல்கிறான். எப்படியோ, அவள் பார்த்தாள். கல்லுக்கு முன்னால் ஒரு சீனப் பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். முழங்காலின் குறுக்கே துப்பாக்கி. ராமகிருஷ்ணனைவிட ஒரு வயது கூடுதலாக இருக்கலாம். அவளைப் பார்த்தான். துப்பாக்கியைத் தொடவில்லை. முட்டையை ஒரே வாயில் போட்டுக்கொண்டு எழுந்து காட்டுக்குள் போய்விட்டான். அவன் பாதத்தைவிடப் பெரிதாக இருந்த ரப்பர் சப்பாத்தின் தடங்கள் மண்ணில் பதிந்திருந்தன. அவள் ஒரு கிளையை ஒடித்து அந்தத் தடங்களை அழித்தாள்.

பையன்கள் இருவரிடமும் சொன்னாள். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் நேரே கேட்டுக்குப் போய் ஸ்பெஷல் கான்ஸ்டபிளிடம் சொல்லிவிடுவார். வழி போய்விடும், படிப்பும் போய்விடும், ஒருவேளை அவரும் போய்விடுவார். மூன்று பேரும் ஒன்றும் தெரியாததுபோல் வந்து போனார்கள். அதன் பிறகும் அந்த வழியில் அவர்கள்மேல் ஒரு குண்டும் விழவில்லை. பெரியவர் காத்தாரா, முட்டை காத்ததா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ரோந்து வந்த பட்டாளம் மெர்பாவ் மரத்தடியில் இலையையும் சுருட்டுக் கட்டையையும் முட்டைத் தோட்டையும் பார்த்தது. அதுவரைக்கும் வந்திருந்த சைக்கிள் தடங்களையும் பார்த்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டில் தப்பால் பையைத் திறந்தார்கள். பின்னால் மூன்று சைக்கிள்களும் நின்றன. இலைப் பொட்டலத்தை வெளியே எடுத்தபோது சன்னாசி பதறியது ஒரே விஷயத்துக்குத்தான்: படையலை இடது கையால் தொடுகிறார்களே என்று.

அவரையும் சைக்கிளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்த குற்றத்துக்கு ஆயுசு முழுக்க ஜெயில் என்று லயத்தில் பேசினார்கள். தூக்கு என்றும் பேசினார்கள். ரொம்ப நல்ல மனசுக்காரர்கள் மட்டும், கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஆறுதல் சொன்னார்கள். சன்னாசி இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. மங்கம்மா சத்தம் போட்டு அழுதாள். வள்ளியம்மா அழவில்லை, பள்ளிக்கூடச் சட்டையை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சிரம்பான் போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்தவர் வெள்ளைக்காரர். மொழிபெயர்த்தவர் திருநாவுக்கரசு என்று ஒரு டவுன்காரர். தோட்டத்துக்குள் கால் வைத்திராதவர், கோபுரம் வைத்த கோயிலுக்கு மட்டும் போகிறவர். சொன்னதை மட்டும் சொல், விளக்கம் சொல்லாதே என்பது அவருக்கு இட்டிருந்த கட்டளை. அதை அவர் மீறவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் மாற்றினார். வினையே அதில்தான் வந்தது.

யாருக்குச் சோறு கொண்டுபோனாய் என்று கேட்டார்கள்.

"பெரியவருக்குங்க."

பெரியவர் யார், பெயர் என்ன என்று கேட்டார்கள்.

"பேரு சொல்லக் கூடாதுங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

எங்கே இருக்கிறார் என்றார்கள். மேலே, காட்டோரம், மெர்பாவ் மரத்துக்கிட்ட என்றார். எதற்காகக் கொடுக்கிறாய் என்றார்கள்.

"புள்ளைங்க அவரு எல்லையில போகுதுங்க. வழிய விட்டுக் குடுக்குறாருல்ல. சும்மா போகலாமா?"

கொடுத்ததைச் சாப்பிட்டாரா என்று கேட்டார்கள்.

"வாரா வாரம் சாப்புடுறாருங்க. ஒரு பருக்க மிச்சம் வைக்கிறதில்ல. அவருதான் எங்களுக்கு சாமி."

திருநாவுக்கரசு ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சன்னாசியை நிமிர்ந்து பார்த்தாராம். இவ்வளவு நேராக ஒப்புக்கொண்ட ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

பாஸில் பெயர் இருந்ததால் மறுநாள் பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள். கிராணி மூவரையும் சைக்கிளில் அழைத்துக்கொண்டு போனார். போகும் வழியில் அவர்கள் ஒன்றும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கிராணி பக்கத்திலேயே இருந்ததால் பேச முடியாது. மேசைமேல் முட்டைத் தோடும் சுருட்டுக் கட்டையும் காகிதத்தில் வைத்திருந்தன. சன்னாசி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கையால் கேட்டார்.

வெள்ளைக்காரர் நேரே இங்கிலீஷில் கேட்டார். வள்ளியம்மா இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். பெரியவர் என்பது ஆள் இல்லை, மூன்று கல், நாங்கள் கும்பிடுகிற சாமி என்றாள். ரோந்து போனவர்களில் ஒருவன், ஆமாம், சிவப்புப் பூசிய கல் மூன்று இருந்தது என்றான். வெள்ளைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு, முட்டைத் தோட்டை விரலால் நகர்த்தினார். கல் முட்டையை உரிக்குமா என்று கேட்டார்.

வள்ளியம்மாவுக்குப் பன்றி என்று சொல்லலாமா, குரங்கு என்று சொல்லலாமா என்று ஓடியதாம். பன்றி உரிக்காது, குரங்கு சுருட்டுப் பிடிக்காது. அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு இங்கிலீஷ் புரியவில்லை. மகள் பேசுகிறாளே என்ற பெருமையில் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"நான்தான் தின்றேன்" என்றாள் அவள், இங்கிலீஷில். "அப்பா முன்னால் போன பிறகு நாங்கள் மூவரும் திரும்பி வந்து தின்போம். எங்களுக்குப் பசி. முட்டை எனக்கு."

சோறு எனக்கு என்றான் மணியம், கேட்காமலே. சுருட்டு யாருக்கு என்று கேட்பதற்குள் ராமகிருஷ்ணன் கையைத் தூக்கிவிட்டான். வெள்ளைக்காரர் தப்பால் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த புதுச் சுருட்டை அவனிடம் நீட்டி, பிடித்துக் காட்டு என்றார். அவன் ஜென்மத்தில் சுருட்டுப் பிடித்ததில்லை. பற்றவைத்து ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தான். கண்ணில் தண்ணீர் கட்டியது. இருமலை விழுங்கினான். இன்னொரு இழுப்பும் இழுத்தான். அதற்குள் கிராணி எழுந்து வந்து அவன் கன்னத்தில் ஒன்று வைத்தார். இருமல் எல்லாம் அந்த அடியின் கணக்கில் போயிற்று. வெள்ளைக்காரர் சிரித்துவிட்டார். அவருக்கும் ஊரில் பிள்ளைகள் இருந்திருக்கலாம். திருட்டுத்தனம் செய்கிற பிள்ளைகள் எந்த ஊரிலும் ஒன்றுதான். அதை அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வழி இனிக் கிடையாது, கேட்டுக்கு வெளியே சாமிக்கும் சோறு கிடையாது, அடுத்த முறை பிடிபட்டால் விட மாட்டேன் என்று எச்சரித்து, சன்னாசியை அனுப்பச் சொன்னார். என்ன நடந்தது என்று சன்னாசிக்குப் புரியவில்லை. திருநாவுக்கரசு சொன்னதை மட்டும் சொல்கிற வழக்கப்படி அதையும் சொன்னார்.

"படையல இந்தப் புள்ளைங்கதான் திருட்டுத்தனமாத் தின்னிருக்கு. முட்டையத் தின்னது ஒம் மகளாம். அதான் ஒன்ன விடுறாங்க."

சன்னாசி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மறு வாரத்திலிருந்து தார்ச்சாலைதான். மங்கம்மா இந்த முறை தடுக்கவில்லை. ஸ்டேஷன் வாசலைவிடச் சாலை பரவாயில்லை என்று ஆகிவிட்டிருந்தது. பட்டாள வண்டிகள் வரும் பக்கத்தில் தப்பால் சைக்கிளை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு, மூவரையும் உள்பக்கமாகப் போட்டுக் கூட்டிப்போனார். வள்ளியம்மா பரீட்சை எழுதினாள். பிறகு கல்யாணமாகிக் கெமாஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் போனாள். சேவலைச் சன்னாசி வேலிக்கு உள்ளேயே கொடுத்தார், பிள்ளைகள் படையலைத் தின்றதற்கு அபராதச் சேவல் ஒன்றும் சேர்த்து.

உண்மையை அவள் அவரிடம் சொல்லவே இல்லை. முதலில் சொல்லாததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது: பொய் வராத மனிதர், யாராவது கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் அவசரகாலம் முடிந்து முள்வேலியைப் பிடுங்கிய பிறகும் சொல்லவில்லை. அவர் சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும் சொல்லவில்லை. அவர் போன பிறகு நான் கேட்டேன். என்னன்னு சொல்றது அண்ணே என்றாள். மாமாவைச் சுட்டவங்களுக்கு வாரா வாரம் நீங்கதான் முட்டை அவிச்சுக் குடுத்தீங்கன்னா? அதுக்கு நான் திருடியாவே இருந்துட்டுப் போறேன் என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது, அதைச் சொன்னேன்.

சன்னாசியை விட்ட அன்று ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது கிராணி தன் மகனை இழுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். மணியம் அவர்களோடு போனான். சன்னாசி சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார். வள்ளியம்மாவும் தன்னுடையதைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தாள். திட்டுவார், அடிப்பார், சாமி குற்றம் என்று புலம்புவார் என்று எதிர்பார்த்தாள். மம்பாவ் தாண்டியும் அவர் தள்ளிக்கொண்டே போனார். தோட்டத்துச் செம்மண் சாலையில் திரும்பிய பிறகுதான் நின்றார்.

"முட்டையத் தின்னியா, தாயி?"

"ஆமாப்பா."

"அவ்வளவு பசியா இருந்துச்சா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சன்னாசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தன் பங்கு முட்டையை அவித்து, தாமே உரித்து மகளின் தட்டில் வைத்தார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் வைத்தார். கல்யாணமாகி அவள் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவள் முழுவதையும் தின்று முடிப்பாள்.